தேடுதல் கட்டணம்

10 ஜூலை 2024, புதன்

பிறப்பு இறப்புப் பிரிவில் இந்த நாற்காலிக்கு வந்து இன்றோடு இருபத்திரண்டு வருஷம். யாருக்கும் நினைவில்லை. எனக்கே மதியம் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது.

தபால் பதினொன்று. ஆஸ்பத்திரி அறிக்கைகள் நான்கு, பெயர்த் திருத்த மனு மூன்று, மீதி மேலிடத்துச் சுற்றறிக்கைகள். அதில் ஒன்று, குழந்தைகள் நலக் குழு கேட்டு எழுதும் பிறப்புச் சான்றுகளுக்குத் தேடுதல் கட்டணம், நகல் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்கிறது. அப்படிப்பட்ட கடிதம் எங்கள் நகராட்சிக்கு வருஷத்துக்கு ஒன்றுகூட வராது. ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

வீட்டுக்காரர் காலில் இருந்த கட்டைக் காலையில் மாற்றினேன். விரலை எடுத்த இடத்தில் இன்னும் நீர் கசிகிறது. சர்க்கரை குறையாமல் ஆறாது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். நேற்றும் இரண்டு லட்டு தின்றிருக்கிறார்.

26 ஜூலை, வெள்ளி

ஆறு நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர். எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்தேன். மகள் ரேணுகா போனில் பேசினாள். தலை ஆடிக்கு அவளும் மாப்பிள்ளையும் அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுவார்களாம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை இன்னும் எடுக்கவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

காலையிலிருந்து ஏழு சான்றுகள் கொடுத்தேன். இரண்டு ஐம்பதுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஹசீனா. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணியாளராம். முப்பது வயது இருக்கும். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. நலக் குழுவின் கடிதம் ஒன்றை நீட்டினாள்.

யோகப்பிரியா என்று ஒரு பெண். தகப்பன் பொன்னுரங்கன். தாய் கலாமணி நான்கு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். தாய்மாமன் பூபதிக்கு முப்பத்தொன்று. அவனுக்குக் கட்டிவைக்கத் தகப்பன் ஏற்பாடு செய்ய, அந்தப் பெண்ணே யாருடைய போனையோ வாங்கிக் குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். இப்போது மீட்ட குழந்தைகளுக்கான வரவேற்பு இல்லத்தில் இருக்கிறாள். பதினாலு வயது என்று அவள் சொல்கிறாள், பதினெட்டு முடிந்துவிட்டது என்று தகப்பன் சொல்கிறான். போன வருஷம் எடுத்த ஆதாரில் அவன் சொன்ன வருஷம்தான் இருக்கிறது. குடகில் காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள். பெண் பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் பிறந்தது எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில். ஆகவே எங்கள் பதிவேட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. தேதி தெரியாததால் 2006 முதல் 2010 வரை தேடிப் பார்க்க வேண்டும் என்று கடிதம் கேட்கிறது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குழுவின் அமர்வு.

ஒவ்வொரு வருஷத்துக்கும் தேடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்றேன். கட்டணமில்லாமல் தரச் சொல்லித்தான் கடிதத்தில் இருக்கிறது என்றாள். எந்த ஆணையின்படி என்று அதில் இல்லை என்று காட்டினேன். அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அப்ப நானே கட்டிறேனுங்க மேடம். ரசீது போட்டுட்டு இப்பவே பாத்துக் குடுத்துருங்க."

வசூல் கவுண்டர் இரண்டரைக்கே மூடிவிடும். திங்கட்கிழமை காலையில் கட்டச் சொன்னேன்.

"திங்கக்கெழமை பதினோரு மணிக்குக் குழுவுல கையில இருக்கோணுங்க. இல்லீன்னா எலும்புச் சோதனைய வெச்சு முடிவு பண்ணிருவாங்க. அதுல ரெண்டு வருசம் முன்னப்பின்ன வரும்."

பத்து மணிக்குக் கட்டினால் பத்தரைக்குள் பார்த்துவிடலாம் என்றேன். விதிப்படி அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? ரசீது இல்லாமல் பதிவேட்டைத் திறந்தால் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள்.

பதிவறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஜவுளிக் கடையில் கூட்டம். மாப்பிள்ளைக்கு அரக்குக் கரை வேட்டி எடுத்தேன். ஆறரை பஸ்ஸுக்கு அவர்கள் வந்தார்கள். ரேணுகா கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் தண்ணீர் நிறைய. ரேணுகா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். அவரும் நான்கு தின்றார். மாப்பிள்ளை முன்னால் தட்டைத் தள்ளி வைக்கத்தான் முடிந்தது.

5 ஆகஸ்ட், திங்கள்

ரேணுகாவையும் மாப்பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டு ஆபீஸ் போகும்போது சரியாகப் பதினொன்று. மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் ரசீது இருந்தது. காலை பத்து மணி ஐந்து நிமிஷம் என்று அச்சாகியிருந்தது. ஹசீனா பத்தே முக்கால் வரை நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து மேஜை திருமூர்த்தி சொன்னான்.

ஒரு மணி நேரம் அனுமதி போட்டிருந்தேன். அனுமதியில்லாமல் தாமதமாகப் போகவில்லை.

7 ஆகஸ்ட், புதன்

ரசீது இருப்பதால் பதிவறையைத் திறந்தேன். 2010இலிருந்து பின்னோக்கிப் பார்த்து வந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. 2009, மூன்றாம் புத்தகம். அக்டோபர் 23. பெண். தகப்பன் பொன்னுரங்கன், தாய் கலாமணி. பெயர்ப் பத்தி காலி. பதிந்தது என் கையெழுத்துதான். அப்போது என் எழுத்து இன்னும் உருண்டையாக இருந்திருக்கிறது.

பதினாலு வயது, ஒன்பது மாதம்.

சான்று எழுதி, சுகாதார அலுவலர் கையெழுத்தும் வாங்கிக் கவரில் போட்டு வைத்தேன். கேட்டு வந்தால் கொடுக்கலாம். குழுவில் என்ன முடிவானது என்று தெரியவில்லை. போன் நம்பர் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நாமாகக் கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை.

பதிவறைத் தூசியால் மாலைவரை தும்மல்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

ஹசீனா வந்தாள். எலும்புச் சோதனையில் பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் என்று அறிக்கை வந்ததாம். ஆதாரும் அதையே சொல்லவே, அந்தத் திங்கட்கிழமையே தகப்பனோடு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அந்தப் பெண் அழவில்லையாம். தன் மாற்றுத் துணியை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாளாம். இந்த மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடக்கப் போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். சான்று கிடைத்தால் குழுவைத் திரும்பக் கூட்டித் தடுத்துவிடலாம் என்றாள்.

பிறகு ஒரு நகலை எடுத்து வைத்தாள். ஜூலையில் வந்த அந்தச் சுற்றறிக்கை. "இது எல்லா நகராட்சிக்கும் வந்திருக்குதுங்க மேடம். எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது. பணம் போனாப் போகுதுங்க, அன்னிக்கே பாத்திருக்கலாமில்லீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்றேன். தேடல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள். ஐந்து வருஷப் புத்தகங்கள், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன்.

அவள் போனதும் கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் சுருக்கொப்பம், 10/7. கவர் கீழ் இழுப்பறையில் இருந்தது. ஏழாம் தேதியே எழுதியதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், கட்டணம் ஏன் வாங்கினாய் என்றும் கேட்பார்கள், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு எங்கே போனாய் என்றும் கேட்பார்கள். பணி ஓய்வுக்கு இன்னும் இருபது மாதம்தான்.

புதிதாக இன்றைய தேதியில் ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்கு மறுபடியும் அலுவலரிடம் கையெழுத்துக்குப் போக வேண்டும். பார்க்கலாம்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

அலுவலர் விடுப்பு.

29 ஆகஸ்ட், வியாழன்

அலுவலர் வந்துவிட்டார். இன்று இறப்புப் பதிவுகள் நிறைய. கையெழுத்துக்குப் போகவில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

நல்ல முகூர்த்தம் போலிருக்கிறது. ஆபீஸ் போகிற வழியில் நான்கு மண்டபத்தில் மேளம்.

2 செப்டம்பர், திங்கள்

ஹசீனா உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிவிட்டார்களாம். இப்போதாவது சான்றைக் கொடுத்தால் போலீஸுக்குப் போகலாம், பெண்ணை மீட்கலாம் என்றாள். நாளைக்கு என்றேன். "நாளைக்கு, நாளைக்கு" என்று என்னைப் பார்த்தே மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

13 செப்டம்பர், வெள்ளி

ஹசீனாவின் மேலதிகாரி ஆணையருக்கு எழுதியிருந்தார். ரசீது கொடுத்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் சான்று வராதது ஏன், ஆகஸ்ட் இரண்டாம் தேதியே ஏன் தேடவில்லை என்று கேள்வி. ஆணையர் என்னிடம் விளக்கம் கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தேதி பதிவறைச் சாவி என் வசம் இல்லை. பிறகு 2006 முதல் 2010 வரை தேடியதில் மேற்படி பிறப்புப் பதிவு காணப்படவில்லை. ஆணையர் கையெழுத்தோடு பதில் போய்விட்டது. இரண்டு வாக்கியம்தான்.

மாலையில் கவரை வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சான்றையும் கிழித்ததில்லை.

19 நவம்பர், செவ்வாய்

மழை. அடுக்களையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அந்தப் பெண் பிறந்த அக்டோபர் 23 வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். தெரிந்தது. அன்று முழுவதும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

16 ஜனவரி 2025, வியாழன்

இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தேடி அவர் பீரோவைக் குடைந்திருக்கிறார். கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு இந்தப் புள்ள?" என்றார். ஆபீஸுது என்றேன். "ஆபீஸுது வீட்டுல எதுக்கு?" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எடுத்த இடத்திலேயே வைத்திருந்தார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

12 மே, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வாராந்திரப் பிறப்பு அறிக்கைகள் வந்தன. முப்பத்தாறு. முப்பதாவதைச் சரிபார்க்கும்போது கை நின்றுவிட்டது.

பெண் குழந்தை. பிறந்த தேதி மே 10. எடை ஒரு கிலோ முந்நூறு. தகப்பன் பூபதி. தாய் யோகப்பிரியா. தாயின் வயது 19. திருமணத்தின்போது வயது 18.

மற்ற முப்பத்தைந்தையும் பதிந்தேன். இதை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிக்கையில் இருப்பதை அப்படியே ஏற்றுவதுதான் என் வேலை. வயதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு இல்லை. இதையும் மாலைக்குள் ஏற்றினேன்.

14 மே, புதன்

அவர் காலுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசை நீளம். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போனேன்.

ஜன்னலோரக் கட்டில். நான் பெரிய பெண்ணாக நினைத்து வைத்திருந்தேன். ரேணுகா ஒன்பதாவது படிக்கும்போது அந்த உயரம் இருப்பாள். உதிரம் நிறையப் போய் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். உதடு வெளுத்துக் கிடந்தது. குழந்தை இன்குபேட்டரில். துணைக்கு இருந்த மாமியார், முறைக்கு அவளுடைய அம்மாவின் அம்மாதான், சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள்.

நகராட்சியிலிருந்து குழந்தை பதிவுக்கு வந்திருக்கிறேன் என்றேன். பொய்தான். கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல் அவள் பிறந்த தேதியைக் கேட்டேன்.

"ஆதார்ல இருக்கறதுங்களா, நெசத்துலயுங்களா?"

"நெசத்துல."

"தெரியாதுங்க. ஐப்பசி மழையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். பதினாலுதான் இருக்கும்னு அந்தக் குழுவுல சொன்னனுங்க. எலும்பெல்லாம் படம் எடுத்துப் பாத்துட்டு அப்படியில்லேன்னுட்டாங்க. அதுக்கப்பறம் எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. எங்கம்மா தப்பாச் சொல்லிருச்சோ என்னமோன்னு."

சொல்லிவிட்டேன். இரண்டாயிரத்து ஒன்பது, அக்டோபர் இருபத்து மூன்று. பிறந்ததும் இதே ஆஸ்பத்திரி.

போர்வைக்கு வெளியே விரல்களை மடக்கி எண்ணினாள். ஊசி குத்திய கை என்பதால் மெதுவாக மடக்கினாள்.

"அப்ப நாஞ்சொன்னது நெசந்தானுங்க."

என்னைக் கேட்கவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள்.

உனக்கு இங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "அந்த ஊட்டுக்கு வேண்டாங்க. கொழந்தையத் தூக்கிட்டு எங்க அனுப்பினாலும் போறனுங்க." அவ்வளவுதான் சொன்னாள். வலது காதுக்குக் கீழே பழைய காயத்தின் தழும்பு இருந்தது.

நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. இறங்கி வரும்போது படியில் ஒரு கிழவியைக் கடந்தேன், மாமியாராகத்தான் இருக்க வேண்டும். தூக்குப்போசியில் ரசம் சாதம் கொண்டு போனாள்.

15 மே, வியாழன்

காலையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி எடுத்தது முதல். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பென்சன் நின்னுருமா?" என்றார். நிற்கலாம் என்றேன். கட்டின் நுனியைச் செருகிவிட்டு, "அந்தக் கவரு புடவைக்கு அடியிலதான் இருக்குது" என்றார்.

விடுப்புப் போட்டுவிட்டு ஹசீனாவின் ஆபீஸுக்குப் போனேன். கவரைக் கொடுத்தேன். சான்றை எடுத்து முதலில் பிறந்த தேதியைப் படித்தாள். பிறகு கீழே, சான்று எழுதிய தேதியைப் படித்தாள்.

"ஏழாந்தேதியேங்களா மேடம்?"

"ஆமா."

"கல்யாணத்துக்கு இருவத்திமூணு நாளைக்கு முன்னால."

ஆமாம் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் நகல் எடுக்கும் மெஷினிடம் போய் அதை வைத்து நகல் எடுத்தாள். மூன்று நகல். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் முகம் தெரியவில்லை. திரும்பி வந்ததும், எழுத்துமூலம் வேண்டும் என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பதிவு காணப்படவில்லை என்று நான் கொடுத்த பதில் பொய் என்றும் எழுதினேன்.

17 மே, சனி

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் போயிருக்கிறது. பூபதியைக் கைது செய்துவிட்டார்கள், தகப்பன்மேலும் வழக்கு. பெண்ணும் குழந்தையும் குழுவின் பொறுப்பில். திருமூர்த்திதான் போன் செய்து சொன்னான். நேற்று ஆபீஸில் எல்லோரும் என் மேஜையைச் சுற்றியே நின்றார்களாம்.

19 மே, திங்கள்

தற்காலிகப் பணிநீக்க ஆணை. பதிவறைச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

29 மே, வியாழன்

பொன்னுரங்கன் ஜாமீனில் வந்து நேராக எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றான். மெலிந்த ஆள். குடித்திருக்கவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் பேசினான். பெண்டாட்டி செத்த பிறகு வயசுப் பெண்ணைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் தனியாக விட்டு வேலைக்குப் போக முடியவில்லை, பெண்டாட்டியின் தம்பி என்பதால் நம்பிக் கொடுத்ததாகச் சொன்னான்.

"நீங்க அன்னிக்கே அந்தக் காயிதத்தக் குடுத்திருந்தா, நாங் கட்டிக் குடுத்திருக்க மாட்டனுங்க. பயந்திருப்பனுங்க. இப்பக் கொழந்தையும் ஆயி, அவனும் ஜெயிலுக்குப் போயி, யாருக்குங்க லாபம்?"

அவன் செய்ததற்கு நான் காரணமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கைத்தடியோடு வாசலுக்கு வந்ததும் போய்விட்டான். தெரு முழுவதும் பார்த்தது.

ரேணுகா போனில் அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம். அம்மா நீ ஏன் சும்மா இருக்கவில்லை என்றாள். எதை வைத்துச் சொல்கிறாள் என்று புரியவில்லை. ஆகஸ்டில் சும்மா இருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

9 ஜூன், திங்கள்

குழந்தை நேற்று இறந்துவிட்டது. கிருமி தொற்றிவிட்டதாம். இருபத்தொன்பது நாள். திருமூர்த்தி சொன்னான். இறப்பு அறிக்கை அவன் மேஜைக்கு வந்திருக்கிறது.

சமைக்கவில்லை. அவர் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

19 ஜூன், வியாழன்

விசாரணை. மண்டல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கோப்பைப் புரட்டிக்கொண்டே, ஆகஸ்ட் இரண்டாம் தேதி பதிவறைச் சாவி உங்களிடம் இல்லை என்று போன செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதை உறுதிப்படுத்தினால் முதல் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள், மற்றதை வேலைப் பளு என்று சொல்லிவிடலாம், ஊதிய உயர்வு வெட்டோடு முடியும் என்றார். என்னைவிடச் சின்னவர். உண்மையாகவே உதவி செய்ய நினைத்தார்.

"சாவி எம் பையிலதான் இருந்துச்சுங்க சார். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கப் போகோணும்னு கெளம்பிட்டனுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை எழுதட்டுமா?" என்றார்.

எழுதச் சொன்னேன்.

27 ஜூன், வெள்ளி

ஹசீனா கூப்பிட்டாள். அவள் பெயரைப் போனில் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"உங்களக் கூப்பிடறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க மேடம். ஆனா இத வேற யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியல."

யோகப்பிரியா குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்க வேண்டும் என்கிறாளாம். இறந்த குழந்தைக்குப் பெயர் சேர்க்க வழியில்லை என்று இரண்டு தடவை ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை கட்டணமும் கேட்டிருக்கிறார்கள். வழி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தாய் கைநாட்டு வைத்த கடிதம் போதும். குழந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

30 ஜூன், திங்கள்

ஹசீனா கொடுத்த கைநாட்டுக் கடிதத்தோடு பத்து மணிக்கு நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறேன். வெளியே நிழல் கிடையாது. உள்ளே இருப்பவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். என் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

திருமூர்த்தி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். உள்ளே வரச் சொன்னான். இங்கேயே நிற்கிறேன் என்றேன். கடிதத்தைப் படித்துவிட்டுத் தயங்கினான்.

"செத்த கொழந்தைக்கு எதுக்குங்கக்கா பேரு?"

"அவங்கம்மா கேக்கறா. பதிஞ்சு குடு."

அலுவலரைக் கேட்க வேண்டும் என்றான். கேட்டுவிட்டு வா, நிற்கிறேன் என்றேன். விதி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், சுற்றறிக்கையின் தேதியையும். எந்தக் கோப்பில் இருக்கிறது என்றும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று மணிக்குச் சான்று வந்தது. கட்டணம் இல்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

ஹசீனா கேட்டில் காத்திருந்தாள். சான்றை அவளிடம் நீட்டினேன். வாங்காமல், "வண்டியில ஏறுங்க, நீங்களே குடுத்துருங்க" என்றாள். நான் யார் என்று அந்தப் பெண்ணுக்கு இப்போது தெரியுமா என்று கேட்டேன். எல்லாம் தெரியும் என்றாள்.

குழந்தைகள் இல்லத்தின் பார்வையாளர் அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு மேஜை. யோகப்பிரியா வெளிர் நீலச் சுடிதாரில் வந்தாள். முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். சான்றை மேஜைமேல் வைத்தேன்.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். தாளைத் தொடவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிங்க."

படித்தேன். பெயர் லில்லி. இன்குபேட்டர் அறையில் கையை உள்ளே விட்டுக் குழந்தையைத் தொடவிட்ட நர்ஸின் பெயராம் அது. ஹசீனா வண்டியில் சொல்லியிருந்தாள். பாலினம் பெண். பிறந்த தேதி பத்து, மே, இரண்டாயிரத்து இருபத்தைந்து. தாயின் பெயர் யோகப்பிரியா. அடுத்த வரியில் தகப்பன் பெயர். அங்கே நிறுத்தினேன்.

"அது வேண்டாங்க. அடுத்ததப் படிங்க."

பிறந்த இடத்தைப் படித்தேன். பதிவு எண்ணைப் படித்தேன், பதிந்த தேதியைப் படித்தேன். கீழே இருந்த முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலால் காட்டிக் கேட்டாள். அதையும் படித்தேன்.

முடிந்துவிட்டது என்றேன்.

"இன்னொருக்காப் படிங்க" என்றாள். மேலேயிருந்து தொடங்கினேன்.